"டாக்குமென்டேஷன் மட்டும்தான் மேம்": குழு வேலை, தொழில்முனைவு, மாணவிகளின் நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு வருடமாக ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேட்ச்களுக்கு கைடாக இருக்கிறேன். தொழில்முனைவோர் மன்றத்தின் பொறுப்பும் சில வருடம் என்னிடம் இருந்தது. குழுவாக வேலை செய்வது, சொந்தமாகத் தொழில் தொடங்குவது இரண்டிலும் மாணவர்களின் நம்பிக்கையும் மாணவிகளின் நம்பிக்கையும் ஏன் ஒன்றாக இல்லை என்று பெற்றோர், சக ஆசிரியர்கள், மாணவிகள் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சேர்ந்து வேலை செய்வது, அடுத்தவர் சொல்வதைக் கேட்பது, வேலையைப் பிரித்துக்கொள்வது பற்றிக் கேட்டால் மாணவிகள் தங்களுக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டுக்கொள்கிறார்கள். என் வகுப்புகளில் பல முறை மாணவர்களைவிடக் கூடுதலாகவே போட்டிருக்கிறார்கள். அதே மாணவியிடம் "நீயே ஒரு தொழில் தொடங்குவாயா, பணம் புரட்டுவாயா, நஷ்டம் வந்தால் சமாளிப்பாயா?" என்று கேளுங்கள். எண் சட்டென்று இறங்கிவிடும். தொழில்முனைவு பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இந்த இறக்கம் தெரிகிறது.

நம்பிக்கை என்று எதைச் சொல்கிறீர்கள்? தைரியத்தையா?

இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதற்கு ஒரு தெளிவான பொருள் கொடுத்தார்: ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் எண்ணுவது. காரியத்துக்குக் காரியம் இது மாறும். மேடையில் நடுங்காமல் பேசுகிறவள் வங்கி மேலாளர் முன் கடன் கேட்கத் தயங்கலாம். அதனால் "அவளுக்குத் தன்னம்பிக்கை கம்மி" என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தக் காரியத்தில் என்று கேட்க வேண்டும்.

இந்த நம்பிக்கை நான்கு வழியில் வரும் என்றார் பண்டூரா. தானே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. நம்பும் ஒருவர் "உன்னால் முடியும்" என்று சொல்வது. அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மட்டும் நினைவில் வையுங்கள்: கை வைத்துச் செய்த காரியத்தில்தான் நம்பிக்கை ஊறும்.

அப்படியானால் திறமையிலும் வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்?

வேண்டியதில்லை. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 10 கேள்விகள் கொண்ட ஓர் அறிவியல் தேர்வு வைத்தார்கள். 2003-இல் வெளிவந்த ஆய்வு இது. சரியாக எழுதியது, சராசரியாக, பெண்கள் 7.5, ஆண்கள் 7.9. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் "எத்தனை சரியாக எழுதியிருப்பீர்கள்?" என்று கேட்டபோது பெண்கள் 5.8 என்றார்கள், ஆண்கள் 7.1 என்றார்கள். அடுத்து ஓர் அறிவியல் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது ஆண்களில் 71 சதவீதம் பேர் கொடுத்தார்கள், பெண்களில் 49 சதவீதம் பேர்தான். மார்க் தெரியும் முன்பே, தன்னைப் பற்றிய கணிப்பை வைத்தே ஒதுங்கிவிட்டார்கள். பெயர் கொடுக்காத பெண்ணுக்கு ஒரு போட்டி அனுபவம் குறைந்துபோகிறது, அடுத்த முறை அவளுடைய கணிப்பு இன்னும் கீழே போகிறது. எனக்கு மனம் வலிக்கிற இடம் இது.

குழு வேலையில் மாணவிகளுக்கு நம்பிக்கை இருக்கிறது என்கிறீர்கள். அது ஏன் தொழில் தொடங்கும் நம்பிக்கையாக மாறுவதில்லை?

குழுவுக்குள் யாருக்கு எந்த வேலை போகிறது என்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

சில வருடம் முன் என்னிடம் நான்கு பேர் கொண்ட ஒரு பேட்ச் இருந்தது. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். தென்னந்தோப்பில் மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும் கருவி அவர்களுடைய ப்ராஜெக்ட். முதல் ரிவ்யூவில் டீம் லீடர் பையன் நன்றாகவே பேசினான். டெமோவும் ஓடியது. பிறகு ஓரமாக நின்ற மாணவியிடம் கேட்டேன்.

"நீ என்னம்மா செய்தாய்?"

"டாக்குமென்டேஷன் மட்டும்தான் மேம்."

அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வாங்கிப் புரட்டினேன். செம்மண்ணுக்கு ஒரு அட்டவணை, களிமண்ணுக்கு ஒரு அட்டவணை. ஒரே சென்சார் ஒவ்வொரு மண்ணிலும் வெவ்வேறு எண் காட்டுகிறது என்பதை வீட்டில் இருந்தபோது அவள்தான் கவனித்திருக்கிறாள். ஐந்து டம்ளரில் ஐந்து விதமாக மண்ணை நிரப்பி, மருந்து ஊற்றும் மூடியால் தண்ணீரை அளந்து அளந்து விட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்திருக்கிறாள். களிமண்ணில் மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்ற அளவு அந்த நோட்டிலிருந்துதான் கருவியின் புரோகிராமுக்குப் போயிருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கருவி களிமண் தோப்பில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கும். இதற்கு அவள் வைத்த பெயர் டாக்குமென்டேஷன்.

அவள் பொய் சொல்லவில்லை, அடக்கத்துக்காகவும் சொல்லவில்லை. குழுவில் அவளுக்குக் கொடுத்த பெயர் அது, அவளும் அப்படியே நம்பிவிட்டாள். ரிப்போர்ட், பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடுகள்), ரெகார்டு, வரவு செலவுக் குறிப்பு, எல்லோரையும் சமாதானப்படுத்தி நேரத்துக்கு வேலையை முடிப்பது எல்லாம் பெண்கள் பக்கம் வருகின்றன. புரோகிராம் எழுதுவது, பொருள் வாங்கப் பேரம் பேசுவது, வெளியாட்கள் முன் பேசுவது எல்லாம் பையன்கள் பக்கம் போகின்றன. நான்கு வருடம் முடியும்போது "நான் நன்றாக ஒத்துழைப்பேன்" என்ற நம்பிக்கை பெண்ணுக்கும், "நான் இறங்கிச் செய்துவிடுவேன்" என்ற நம்பிக்கை பையனுக்கும் வந்துவிடுகிறது. தொழில் தொடங்க இரண்டாவது நம்பிக்கைதான் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறோம்.

பிபிடி வேலையைப் பெண்களே விரும்பித்தானே எடுத்துக்கொள்கிறார்கள்?

ஆசிரியர் அறையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. 2017-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் சிலர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்துக் கணினி முன் உட்கார வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துகிறவருக்குக் குறைந்த பணம், மற்ற இருவருக்கும் கூடுதல் பணம். ஒருவரும் அழுத்தாவிட்டால் மூவருக்கும் அதைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த அமர்வுகளில் பெண்கள்தான் அதிகம் அழுத்தினார்கள், ஆண்களைவிட 48 சதவீதம் கூடுதலாக. ஆனால் ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று தனித்தனியாக நடத்தியபோது இந்த வித்தியாசமே காணாமல் போனது. பெண் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆண்களும் அதே அளவு அழுத்துகிறார்கள்.

"நீங்கள் அழுத்துங்களேன்" என்று ஒருவரைக் கேட்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தும் பார்த்தார்கள். கேட்டவர் ஆணோ பெண்ணோ, பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். இதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? யாரும் எடுக்காத வேலை தன் மடியில் வந்து விழும் என்று அவளுக்கும் தெரிகிறது, மற்றவர்களுக்கும் தெரிகிறது.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் "குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்" என்ற விதி இருக்கிறதே. அது உதவுகிறதா?

மத்திய அரசு 2017 முதல் நடத்தும் போட்டி அது. ஆறு பேர் கொண்ட குழு, அதில் குறைந்தது ஒரு பெண். விதி தேவைதான். அப்படி ஒரு விதி இல்லாத போட்டிகளுக்கு முழுக்கப் பையன்களாகவே எத்தனையோ குழுக்கள் புறப்பட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் செய்தியையும் பார்த்திருக்கிறேன்: "டீமுக்கு ஒரு கேர்ள் வேணும், யாராவது ஃப்ரீயா?" என்ன தெரிந்தவள் வேண்டும் என்ற கேள்வியே அதில் இல்லை. அப்படிச் சேர்ந்தவளுக்கு என்ன வேலை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விதி கதவைத் திறக்கிறது. உள்ளே வந்தவளுக்கு எந்த நாற்காலி என்பதை கைடும் குழுவும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் பெண்கள் மட்டும் இருக்கும் குழுக்கள் நல்லதா?

முதல் வருடத்தில் பெண்கள் கூடுதலாக இருக்கும் குழுக்கள் நல்லது என்பது என் கருத்து. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவிகளை நான்கு பேர் குழுக்களில் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2015-இல் வெளிவந்தது. நால்வரில் மூன்று பேர் பெண்களாக இருந்த குழுவில் மாணவிகள் நன்றாகப் பேசினார்கள். ஒருத்தி மட்டும் இருந்த குழுவில் பேச்சு குறைந்தது. முதல் வருட மாணவிகளுக்குப் பதற்றமும் அங்கே கூடுதல். ஒருத்தி தனியாக இருக்கும்போது அவள் பேசுவது அவளுடைய கருத்தாக மட்டும் இருப்பதில்லை, பெண்கள் எல்லோர் சார்பிலும் பேசுவது போல ஒரு பாரம் ஏறிவிடுகிறது.

பிறகு கலந்த குழுக்கள் வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் 550 மாணவர்களை 45 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கல்வியாண்டு முழுக்க உண்மையான சிறு நிறுவனம் ஒன்றை நடத்தும்படி செய்தார்கள். ஆண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுக்களைவிட, இரு பாலரும் ஏறக்குறைய சமமாக இருந்த குழுக்கள் கூடுதல் விற்பனையும் லாபமும் காட்டின. "பெண்களுக்காகச் சலுகை" என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

பையன்களுக்கு நம்பிக்கை அதிகமாக இருப்பது நல்லதுதானே?

கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்பதுதான் கவலை. 2007-இல் வெளியான ஒரு சோதனையில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் கொண்ட குழுக்களுக்கு ஐந்து நிமிடக் கூட்டல் கணக்கு கொடுத்தார்கள். இரு பாலரும் ஒரே அளவில்தான் கணக்குப் போட்டார்கள். "குழுவில் நான்தான் முதலிடம்" என்று நினைத்தவர்கள் ஆண்களில் 75 சதவீதம், பெண்களில் 43 சதவீதம். நால்வரில் ஒருவர்தான் முதலிடம் வர முடியும் என்பதை வைத்துப் பார்த்தால் இரு பக்கமும் மிகைதான், ஆண்கள் பக்கம் ரொம்பவே மிகை. போட்டியில் ஜெயித்தால்தான் பணம் என்ற முறையை 73 சதவீத ஆண்கள் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 35 சதவீதம். ஜெயிக்க வாய்ப்பில்லாத ஆண்கள் பலர் உள்ளே போனார்கள், ஜெயித்திருக்கக்கூடிய பெண்கள் பலர் வெளியே நின்றார்கள். இருவருக்கும் நஷ்டம்.

அதனால் பெண்களைப் பையன்கள் மாதிரி ஆக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கணிப்பும் உண்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் வேண்டியது.

கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் வைத்தால் சரியாகிவிடுமா?

பாடத்தைப் பொறுத்தது. தொழில்முனைவுக் கல்வி பெண்களின் நம்பிக்கையை ஆண்களைவிடக் கூடுதலாக உயர்த்துகிறது என்று அமெரிக்காவில் எம்பிஏ மாணவர்களை வைத்து 2007-இல் வந்த ஆய்வு சொல்கிறது. நெதர்லாந்தில் 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், மாணவர் நிறுவனம் நடத்தும் திட்டம் ஒன்றுக்குப் பிறகு தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தே போயிருந்தது. நான் இரண்டையும் நம்புகிறேன். விருந்தினரை அழைத்து இரண்டு மணி நேரம் வெற்றிக் கதை கேட்க வைப்பது பாடம் ஆகாது. ஐந்நூறு ரூபாய் கொடுத்து, வாங்கி, விற்று, கணக்கு எழுதி வரச் சொல்லுங்கள். சிலர் "இது எனக்கு வேண்டாம்" என்று முடிவெடுப்பார்கள். அதுவும் நல்ல முடிவுதான், செய்து பார்த்து எடுத்த முடிவு.

தமிழ்நாட்டில்தான் பெண்கள் நிறையத் தொழில் செய்கிறார்களே, இங்கேயும் இந்தப் பிரச்சினை உண்டா?

2013-14-இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் 13.76 சதவீதம், சுமார் 80 லட்சம். அவற்றில் அதிகம் இருப்பது தமிழ்நாட்டில்தான், 13.51 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் நாடு முழுக்கப் பெண்கள் நடத்தும் நிறுவனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் சம்பளத்துக்கு ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளாதவை என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. தையல் மெஷின் ஒன்று, இட்லி மாவுக் கிரைண்டர் ஒன்று, அவ்வளவுதான். இதை யாரும் தொழில்முனைவு என்று சொல்வதில்லை, செய்கிறவர்களும் சொல்வதில்லை.

என் மாணவி ஒருத்தி ஹாஸ்டல் அறையில் ஆரி வேலை செய்துகொண்டிருந்தாள். மாதம் ஐந்தாறு பிளவுஸ். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் துணியைத் தொடமாட்டாள். கல்யாண சீசனுக்கு முன்பே மணியும் ஜரியும் மொத்தமாக வாங்கி வைப்பாள், ஆடி மாதத்தில் விலையைக் கொஞ்சம் இறக்குவாள். எங்கள் மன்றத்தின் படிவத்தில் "தொழில் நடத்தும் அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்கு அவள் "இல்லை" என்று டிக் செய்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டால், "அது சும்மா பாக்கெட் மணிக்கு மேம்" என்றாள். வாடிக்கையாளர், முன்பணம், இருப்பு, பருவகால விலை எல்லாம் கையில் இருக்கிறது. தொழில் என்ற சொல் மட்டும் இல்லை.

அந்தப் படிவத்தை அதன் பிறகு மாற்றினேன். "எதையாவது செய்து காசுக்குக் கொடுத்திருக்கிறாயா? என்ன விலை வைத்தாய், எப்படி முடிவு செய்தாய்?" என்று கேட்கிறோம். கை தூக்கும் மாணவிகள் நிறையப் பேர்.

வீட்டிலேயே முன்மாதிரி இருக்கிறவர்களும் உண்டு. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியில் வந்த அம்மாக்களின் பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். அம்மா குழுவின் கணக்கு எழுதுவதையும் வங்கிக்குப் போய்ப் பேசுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள். பண்டூரா சொன்ன இரண்டாவது வழி அது. ஆனால் வகுப்பில் யாரும் அவர்களிடம் அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை.

ஹாஸ்டல் நேரம், வீட்டுக் கட்டுப்பாடு எல்லாம் நம்பிக்கைப் பிரச்சினையா?

முதலில் நேரப் பிரச்சினை, பிறகு நம்பிக்கைப் பிரச்சினை ஆகிறது. பல கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டல் ஆறு, ஆறரைக்கு மூடிவிடும். பையன்கள் லேபில் ஒன்பது மணி வரை உட்காருவார்கள். சாலிடரிங் பிடிக்காமல் போய், மூன்று தடவை சர்க்யூட் கருகி, நாலாவது தடவை எல்இடி எரிவது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கும். மறுநாள் காலை மாணவி வரும்போது கருவி தயாராக இருக்கும், பிபிடி மட்டும் பாக்கி இருக்கும். தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ளும் நேரம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. லேப் நேரத்தை எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள். ஒன்பது மணி வரை திறந்திருந்தால் இருவருக்கும், ஹாஸ்டலுக்குத் திரும்ப ஒரு துணையோடு. முடியாவிட்டால் காலை ஏழு மணிக்குத் திறங்கள்.

ஆசிரியராக நான் நாளைக்கே என்ன செய்யலாம்?

வேலையைச் சுழற்றுங்கள். முதல் ரிவ்யூவில் பிபிடி செய்தவர் இரண்டாவது ரிவ்யூவில் டெமோ காட்ட வேண்டும், பொருள் வாங்கப் போனவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிவ்யூவுக்கு அரை மணி முன்பு யார் எதைப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் சரிதான், எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிட்டு வருவார்கள். பேட்சுக்கு மொத்தமாக ஒரு மார்க் போடாமல், "இந்த முடிவை யார் எடுத்தது, ஏன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் போடுங்கள். அப்புறம், "நீ சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். இரண்டாவது விநாடியிலேயே பக்கத்தில் இருக்கும் பையன் பதில் சொல்ல வாய் திறப்பான். கையைக் காட்டி நிறுத்துங்கள்.

நான் பையன். என் குழுவில் இது நடக்கிறது. நான் என்ன செய்வது?

அடுத்த முறை பிபிடியை நீ செய்.

முதலீட்டாளர்கள் முன் பேசும்போது பெண்களை வேறு மாதிரிக் கேட்கிறார்களா?

ஆம். நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய ஸ்டார்ட்அப் போட்டியின் கேள்வி பதில்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் வளர்ச்சி பற்றிய கேள்விகள்: எவ்வளவு தூரம் போவீர்கள், எத்தனை பேரைப் பிடிப்பீர்கள். பெண்களிடம் 66 சதவீதம் பாதுகாப்பு பற்றிய கேள்விகள்: இருப்பதை எப்படிக் காப்பாற்றுவீர்கள், நஷ்டம் வராதா. பாதுகாப்புக் கேள்விக்கும் வளர்ச்சியைச் சொல்லிப் பதில் கொடுத்தவர்கள் கூடுதல் பணம் திரட்டினார்கள். "வாடிக்கையாளர் ஓடிவிட்டால்?" என்று கேட்டால், "இந்த மாதம் பத்துப் பேர் திரும்ப வந்தார்கள், அவர்கள் வழியாக இன்னும் நாலு பேர் வந்தார்கள்" என்று கொண்டுபோய் முடி.

என் பங்கை நானே சொன்னால் தலைக்கனம் என்பார்களே மேம்?

சொல்வார்கள், சிலர். அதனால் உன்னைப் பற்றிப் பேசாதே, செய்த காரியத்தைப் பற்றிப் பேசு. "நான் கெட்டிக்காரி" என்று சொல்ல வேண்டாம். எதை, எத்தனை முறை, எப்படிச் செய்தாய், என்ன கிடைத்தது என்று சொல். ரிவ்யூவுக்கு முந்தின நாள் இரவு "நான்" என்று தொடங்கும் மூன்று வாக்கியம் எழுதி, சத்தமாகப் படித்துப் பார்.

தென்னந்தோப்பு பேட்ச் மாணவியிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். இறுதி வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து அவளிடம் நின்றார். குரல் நடுங்கத்தான் செய்தது. "ஐந்து டம்ளர் மண்ணில் அளந்து, களிமண்ணுக்கு மோட்டார் நிற்க வேண்டிய அளவை நான் கண்டுபிடித்தேன் சார்" என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அந்த அட்டவணையைக் காட்டும்மா" என்றார். அவள் நோட்டைத் திறந்தாள். அடுத்த பத்து நிமிடக் கேள்விகளும் அவளுக்கே போயின.